பாலக்காட்டுக் கோட்டையும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

கோட்டை என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் மக்கள் உள்ளத்தில் எழும் காட்சிகள் பல. செஞ்சிக் குன்றுகளை நினைப்பார் சிலர். வேலூர் அகழியை நினைப்பார் சிலர். கடற்கரை ஊர்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கோ, உப்புக் காற்றில் கறுத்து நிற்கும் மதிலே கோட்டையாகத் தோன்றும். தரங்கம்பாடியில் 1620ஆம் ஆண்டில் டேனிஷ்காரர் எழுப்பிய டான்ஸ்பர்க் கோட்டையும், கண்ணூரில் 1505இல் போர்த்துக்கீசியர் கட்டிய புனித ஏஞ்சலோ கோட்டையும், யாழ்ப்பாணத்தில் கடனீரேரியை நோக்கியிருக்கும் கோட்டையும் அவ்வகையைச் சேர்ந்தவை. கடல் வழியே வரும் வணிகத்தைத் தம் கையில் வைத்துக்கொள்ளவும், அவ்வழியே வரும் பகையைத் தடுக்கவும் அவை கரையிலே எழுந்தன.

நாங்கள் வாழும் பாலக்காட்டில் கடல் இல்லை. ஆயினும் நகரின் நடுவே, அகழி சூழ்ந்து, மூலைதோறும் கொத்தளம் தாங்கி, சற்றேறக்குறைய 15 ஏக்கர் பரப்பில் ஒரு கோட்டை வீற்றிருக்கிறது. தென்பாண்டி நாட்டிலிருந்து எங்கள் இல்லத்திற்கு வரும் உறவினர் அனைவரும் ஒருமுறையேனும் அதனைக் காண விரும்புவர், கண்டபின் ஒரே வினாவைக் கேட்பர்: “கடலும் இல்லை, மலையுச்சியும் இல்லை, இந்தச் சமவெளியில் இவ்வளவு பெரிய கோட்டையை எதற்காகக் கட்டினார்கள்?”

நல்ல வினாவே. இதற்கு விடை கோட்டைக்குள் இல்லை. கோட்டைக்கு வெளியே, வடக்கிலும் தெற்கிலும் எழுந்து நிற்கும் மலைகளில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை நூற்றுக்கணக்கான கல் தொலைவுக்கு மதிலென நீண்டு, தமிழ்நாட்டையும் மலையாளக் கரையையும் பிரித்து நிற்கின்றது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. அவ்விரண்டிற்கும் இடையே மட்டும் அம்மதில் உடைந்தாற்போல் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு வாயில் திறந்திருக்கிறது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். ஆனைமலைக்கு அப்பால், இடுக்கி மாவட்டத்தில் 2,695 மீட்டர் உயரத்தில் ஆனைமுடி நிற்க, இங்கோ மாட்டு வண்டியும் மூச்சிரைக்காமல் மலைத்தொடரைக் கடந்துவிடும்.

இவ்வாயில் வழியே சென்றவை எத்தனை! கோவையை அடுத்த வெள்ளலூரில் கிடைத்த ரோமானியக் காசுகள், மேலைக் கடற்கரைத் துறைமுகங்களுக்கும் கொங்கு நாட்டுக்கும் இடையே பண்டு நடந்த வாணிகத்திற்குச் சான்றாகும். உப்பும் மிளகும் கிழக்கே வந்தன. துணியும் தானியமும் மேற்கே போயின. தமிழ்நாட்டு மலைகளில் பிறக்கும் ஆழியாற்று நீரும் சித்தூர்ப்புழையாய்ப் பாரதப்புழையில் கலந்து, இவ்வழியேதான் பொன்னானிக் கடலைச் சேருகிறது. 1862இல் போத்தனூரிலிருந்து வந்த இருப்புப்பாதையும் இவ்வாயிலையே தேடி நுழைந்தது. நம் முன்னோர் மூட்டை முடிச்சுகளோடு வந்ததும் இவ்வழியேதான். மலைக்கு நடுவே திறந்த இக்கணவாய் ஒரு துறைமுகம் என்று கொண்டால், அத்துறைமுகத்தைக் காக்கக் கட்டிய கடற்கோட்டையே பாலக்காட்டுக் கோட்டை எனலாம். எங்கள் உறவினருக்கு நாங்கள் கூறும் விடை இது.

இனி அது எழுந்த வரலாற்றைக் காண்போம். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் பாலக்காட்டை ஆண்டவர்கள் அச்சன்மார் எனப்பட்டனர். கோழிக்கோட்டுச் சாமூதிரியின் படை தம் நாட்டின்மீது வரவே, அன்றைய அச்சன் 1757ஆம் ஆண்டில் துணை வேண்டி ஆளனுப்பினார். யாரிடம் அனுப்பினார் என்பதே நாம் கவனிக்கத்தக்கது. மைசூர் அரசின் சார்பில் அக்காலத்தில் திண்டுக்கல்லில் படைத்தலைவராக இருந்த ஹைதர் அலியிடம் அவர் தூது விடுத்தார். பின்னாளில் மைசூரையே ஆண்ட ஹைதர், அப்பொழுது நம் தமிழ்நாட்டு மலைக்கோட்டை ஒன்றின் அடிவாரத்தில் தம் செல்வாக்கை வளர்த்துக்கொண்டிருந்தார். தம் மைத்துனர் மக்தூம் அலியை அவர் படையுடன் அனுப்பினார். அப்படை இக்கணவாய் வழியே புகுந்து கடற்கரை வரை சென்றது. சாமூதிரி போரைத் தவிர்த்து, 12 இலட்சம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டார். ஆனால் அப்பணம் தரப்படவில்லை.

அக்கடன் ஒன்பது ஆண்டுகளுக்குப்பின் ஹைதரையே மலையாளத்திற்கு அழைத்துவந்தது. 1766இல் அவர் பெரும்படையுடன் வந்தார். கோழிக்கோட்டில் சிறைப்பட்டிருந்த சாமூதிரி தம் அரண்மனைக்குத் தாமே தீயிட்டு உயிர்நீத்தார். வென்ற நாட்டைக் கையில் வைத்திருக்க வேண்டுமானால், கோவைக்கும் கடற்கரைக்கும் இடைப்பட்ட வாயில் தம் பிடியில் இருக்க வேண்டும் என்பதை ஹைதர் உணர்ந்தார். அவ்வாண்டிலேயே பாலக்காட்டுக் கோட்டை எழலாயிற்று. துணை கேட்டவருடைய ஊரிலேயே துணைக்கு வந்தவர் கோட்டை கட்டிக்கொண்டார். அயலாரின் வாளை நம்பி வீட்டுச் சண்டையைத் தீர்க்க முயன்றவர்கள் பெறும் பயன் எக்காலத்தும் இதுவே போலும்.

மக்கள் இதனைத் திப்புவின் கோட்டை என்றே அழைக்கின்றனர். கட்டியவர் தந்தை, பெயர் பெற்றவர் மகன். கட்டியவர்களின் கைகளோ இரண்டு பெயர்களிலும் இல்லை. கல் சுமந்தவரும் அகழி தோண்டியவரும் இன்ன ஊரார் என்று எந்தக் கல்வெட்டும் நமக்குச் சொல்வதில்லை.

கட்டி முடிந்த கோட்டை ஒரு தலைமுறைக்குள் எத்தனை முறை கைமாறிற்று என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 1768இல் ஆங்கிலத் தளபதி கர்னல் வுட் அதனைக் கைப்பற்றினார். சில மாதங்களில் ஹைதர் மீட்டுக்கொண்டார். 1783 நவம்பரில் கர்னல் புல்லர்ட்டன் முற்றுகையிட்டார். பதினொரு நாள் முற்றுகை. பெருமழை கொட்டிய ஓர் இரவில், காவலர் மழைக்கு ஒதுங்கியிருந்த நேரம் பார்த்து, கேப்டன் மெயிட்லண்ட் என்பவர் ஒரு சிறு படையோடு முதல் வாயிலையும் இரண்டாம் வாயிலையும் கடந்து உட்புகுந்துவிட்டார். உள்ளிருந்தோர் பெருந்தாக்குதல் வந்துவிட்டது என்று அஞ்சிச் சரணடைந்தனர். கனத்த கல்லாலும் ஆழ்ந்த அகழியாலும் ஆன கோட்டையை வீழ்த்தியது பாதி பீரங்கி. பாதி ஐப்பசி கார்த்திகை மழை. ஆனால் வென்றவர்களும் அங்கு நிலைக்கவில்லை. மறு ஆண்டிலேயே ஆங்கிலேயர் அதனை விட்டு நீங்கினர். சாமூதிரியின் ஆட்கள் சிறிது காலம் வைத்திருந்தனர். பின்னர் அது திப்புவிடம் திரும்பியது. 1790 செப்டம்பரில் கர்னல் ஸ்டூவர்ட் மீண்டும் அதனைப் பிடித்தார். 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி மலையாள நாடு கம்பெனியாருக்கு உரியதாயிற்று. அதனோடு இக்கோட்டையின் போர்க்கதையும் முடிந்தது.

இவ்விடத்தில் எங்கள் குடும்பத்தைத் தொட்ட ஒரு செய்தியைக் கூறியாக வேண்டும். எங்கள் பாட்டனார் ஓட்டப்பிடாரத்துச் சீமையிலிருந்து வந்தவர். சீமையிலிருந்து வரும் எங்கள் சித்தப்பா பாலக்காட்டுக் கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “எல்லாம் சரிதான், ஆனாலும் இது யாரோ ஊரான் கோட்டை. நமக்குக் கோட்டை என்றால் பாஞ்சாலங்குறிச்சிதான்” என்று தவறாமல் சொல்வார். அவர் சொல்லில் பெருமையும் உண்டு. சிறிது வருத்தமும் உண்டு. அண்ணன் பிள்ளைகள் ஊர்ப்பெருமை அறியாமல் வளர்கின்றனரே என்ற வருத்தம் அது.

அவருக்கு நாங்கள் எடுத்துக் கூறியது இதுதான். பாலக்காட்டுக் கோட்டையை வீழ்த்திய அதே கர்னல் புல்லர்ட்டன், அதே 1783ஆம் ஆண்டில், மூன்று மாதங்களுக்கு முன்னர் ஆகஸ்டில் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிப் பிடித்தவர். அங்கே கட்டபொம்ம நாயக்கர் மரபினர் இலங்கை டச்சுக்காரரோடு செய்துகொண்ட உடன்படிக்கை ஓலையும் அவர் கையில் சிக்கியது. அங்கிருந்து சிவகிரிக்கும், பின்பு திண்டுக்கல், பழநி வழியாக ஆனைமலைக் காடுகளினூடே மழையில் நனைந்துகொண்டும் அந்தப் படை வந்து நின்ற இடம் பாலக்காட்டுக் கோட்டையின் வாயில். பதினாறு ஆண்டுகள் சென்றபின், 1799 மே திங்களில் திப்பு சீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தார். அதே ஆண்டு அக்டோபரில் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையோ தரைமட்டமாக்கப்பட்டது. இன்று அங்கு நாம் காண்பது 1974இல் தமிழ்நாடு அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை. பழைய மதிலோடும் பழைய அகழியோடும் அந்தப் படை வந்த காலத்துச் சாட்சியாக எஞ்சி நிற்பது பாலக்காட்டுக் கோட்டையே.

சித்தப்பா நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “அப்படியானால் இரண்டும் ஒரே கதையின் இரண்டு ஏடு என்கிறாயா?” என்றார். ஆம் என்றோம். ஊரான் கோட்டை என்ற சொல்லை அவர் அதன்பின் எங்கள் வீட்டில் சொன்னதில்லை.

ஆயினும் கோட்டையின் கதையை எல்லோரும் ஒரே குரலில் சொல்வதில்லை என்பதையும் மறைத்தலாகாது. எங்கள் தெருவில் ஓர் ஆசிரியர் வீடு உண்டு, மலையாளக் குடும்பம். திப்புவின் படையெடுப்பின்போது மூதாதையர் வீடு வாசலைத் துறந்து திருவிதாங்கூருக்கு ஓடிய கதை அவ்வீட்டில் இன்றும் சொல்லப்படுகிறது. அவர்களுக்கு இக்கோட்டை அச்சத்தின் சின்னம். அதற்கு நான்கு வீடு தள்ளி ஒரு ராவுத்தர் குடும்பம். அவர்களும் நம்மைப்போல் கணவாய் வழியே வந்து குடியேறியோர் வழியினர். வீட்டிற்குள் நல்ல தமிழ் பேசுவோர். ஆங்கிலேயருக்குத் தலைவணங்காது போர்க்களத்தில் உயிர்விட்ட மன்னர் என்று திப்புவை அவர்கள் போற்றுவர். இருவரும் கூறுவதில் உண்மை உண்டு. ஒரு மன்னரின் குதிரை ஒருவருக்கு வீரமாகவும் இன்னொருவருக்கு மிதிபட்ட வயலாகவும் தோன்றுவது இயல்பு. நம் பிள்ளைகள் இரண்டு வீட்டுத் திண்ணையிலும் அமர்ந்து இரண்டு கதையையும் கேட்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். இரண்டாம் கதையைக் கேட்கும் பொறுமை உள்ளவனே அண்டை வீட்டாரோடு நீடித்து வாழ முடியும். குடியேறி வாழும் குடும்பங்களுக்கு இப்பொறுமை செல்வத்திலும் சிறந்த சொத்தாகும்.

போர் முடிந்த கோட்டைகள் என்ன ஆகின்றன? இது சிந்திக்கத்தக்க வினா. சென்னையில் 1640இல் தொடங்கப்பெற்ற புனித ஜார்ஜ் கோட்டையில் இன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இயங்குகின்றன. டான்ஸ்பர்க் கோட்டையை டேனிஷ்காரர் 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றனர். இன்று அது ஓர் அருங்காட்சியகம். யாழ்ப்பாணக் கோட்டையோ நம் காலத்திலேயே மீண்டும் போரைக் கண்டு, குண்டுகளால் சிதைந்து, பின்னர் பழுதுபார்க்கப்பட்டு வருகிறது. பாலக்காட்டுக் கோட்டையின் பிற்காலம் இவற்றினும் எளியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அதில் காவற்படை தங்கியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாலுகா அலுவலகம் அதற்குள் குடிபுகுந்தது. பீரங்கி நின்ற இடத்தில் பட்டா மனுவும் வரி இரசீதும் வந்து சேர்ந்தன. பிற்காலத்தில் நெடுங்காலம் ஒரு கிளைச் சிறையும் அதற்குள் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அச்சிறை மலம்புழைக்கு மாறிற்று.

சிறை இருந்த காலத்தை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் நன்கு நினைவில் வைத்திருக்கின்றனர். கோட்டை வாயிலுக்கு முன் அகழியின்மேல் ஒரு பாலம் உண்டு. சிறையிலிருப்போரைக் காண வருவோர் அப்பாலத்தருகே காத்திருப்பர். கையில் ஒரு துணிப்பை. பையில் மாற்று வேட்டியோ பழமோ இருக்கும். அவர்களுள் மலையாளம் பேசும் தாய்மாரும் உண்டு. வேலை தேடி வந்து ஏதோ ஒரு வழக்கில் அகப்பட்ட மகனைக் காண, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் உடுமலைப் பக்கத்திலிருந்தும் முதல் பேருந்தில் வந்த தாய்மாரும் உண்டு. எங்கள் ஆச்சி அவ்வழியே கடைக்குச் செல்கையில், தமிழ்ப் பேச்சுக் காதில் விழுந்தால் நின்றுவிடுவார். “எந்த ஊர் அம்மா?” என்று கேட்பார். வாயிலில் உள்ள காவலரிடம் அவர்களுக்காக மலையாளத்தில் இரண்டு சொல் பேசிக் கொடுப்பார். ஆச்சிக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. அவர் செய்த உதவி சிறிது. ஆனால் மொழி புரியாத ஊரில் மகனைச் சிறையில் விட்டு நிற்கும் தாய்க்கு அதைவிடப் பெரிய உதவி அந்த வேளையில் வேறு இருந்திராது.

ஆச்சியின் கதையில் இன்னொரு செய்தியும் உண்டு. பாட்டனார் ஒரு துணிக்கடையில் கணக்கெழுத 1940களில் பாலக்காட்டிற்கு வந்தபோது, அவர் எந்த எல்லையையும் கடந்து வரவில்லை. திருநெல்வேலிச் சீமையும் மலபாரும் அன்று சென்னை மாகாணத்தின் இரு பகுதிகள். 1955 அக்டோபரில் மலம்புழை அணையைத் திறந்து வைத்தவர் அன்றைய சென்னை மாநில முதலமைச்சர் காமராசர். மறு ஆண்டு, 1956 நவம்பர் முதல் நாளில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. மலபார் கேரளத்தோடு சேர்ந்தது. 1957 சனவரியில் பாலக்காடு தனி மாவட்டமாயிற்று. பாட்டனார் அதே வீட்டில், அதே கடைக் கணக்கோடு இருந்தார். எல்லைக்கோடு வாளையாற்றில் போய் விழுந்தது. அன்று இரவு உறங்கி மறுநாள் எழுந்தபோது அவர் வேற்று மாநிலத்துத் தமிழர் ஆகியிருந்தார். “நாங்கள் ஊரை விட்டு வரவில்லை, ஊர்தான் பெயரை மாற்றிக்கொண்டது” என்று ஆச்சி சிரித்துக்கொண்டே சொல்வார்.

இன்று அக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அகழியில் நீர் நிற்கிறது. கரையில் மரங்கள் நிழல் தருகின்றன. வாயிலைக் கடந்து உள்ளே சென்றால் ஆஞ்சநேயர் கோயில். வேண்டுதல் உடையோர் வடைமாலை சார்த்துகின்றனர். விடியற்காலையிலும் மாலையிலும் மதிலை ஒட்டிய பாதையில் மக்கள் நடைபயில்கின்றனர். சர்க்கரை நோய்க்காக மருத்துவர் நடக்கச் சொன்ன முதியவர் ஒருபுறம். படைப்பிரிவில் சேர ஓடிப் பழகும் இளைஞர் மறுபுறம். அருகே உள்ள கோட்டை மைதானம் முன்னாளில் யானைகளும் குதிரைகளும் கட்டப்பட்ட இடம் என்பர். இன்று அங்கே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகின்றனர். பொருட்காட்சிகளும் பொதுக்கூட்டங்களும் நடைபெறுகின்றன. பக்கத்தில் உள்ள இராப்பாடி திறந்தவெளி அரங்கில் ஆடலும் பாடலும் நிகழ்கின்றன. ஆட்களை வெளியே நிறுத்துவதற்கென்று எழுந்த ஒரு மதில், இன்று ஊரார் அனைவரையும் நாள்தோறும் தன்னைச் சுற்றி வர அழைத்துக்கொண்டிருக்கிறது.

இத்துணையும் நாம் எழுதப் புகுந்தது பழங்கதை கூறி மகிழ்வதற்காக மட்டுமன்று. நம் இல்லங்களில் ஒரு கவலை மெல்ல வளர்ந்து வருகிறது. அதனை வெளிப்படையாகப் பேசுதல் நலம். நம் பிள்ளைகளுக்கு இரண்டு ஊர் உண்டு என்கிறோம். கோடை விடுமுறையில் அழைத்துச் சென்று, “இதுதான் நம் ஊர்” என்று சொந்த ஊரைக் காட்டுகிறோம். அங்கோ அவர்களை “மலையாளத்துப் பிள்ளைகள்” என்று அழைக்கின்றனர். திரும்பி வந்தால் இங்கே அவர்கள் “தமிழ்ப் பிள்ளைகள்.” இரண்டு ஊர் இருக்கும் பிள்ளைக்கு ஓர் ஊரும் முழுமையாக இல்லாமற் போகும் இடர் உண்டு. தம் காலடியில் உள்ள மண்ணுக்குக் கதை இல்லை என்றும், கதையுள்ள மண்ணெல்லாம் தொலைவில் உள்ளது என்றும் நினைத்து வளரும் பிள்ளை, எவ்விடத்திலும் விருந்தாளியாகவே வாழ்ந்துவிடும்.

பாலக்காட்டுக் கோட்டையின் வரலாறு இக்கவலைக்கு ஒரு மருந்து என்று கருதுகிறோம். திண்டுக்கல்லுக்குச் சென்ற தூதும், பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து வந்த படையும், பொள்ளாச்சியிலிருந்து வந்து பாலத்தில் நின்ற தாயும் அக்கோட்டையின் கதைக்குள் இருக்கின்றனர். அக்கதையில் தமிழர் வேற்றாராக எட்டி நின்று வேடிக்கை பார்க்கவில்லை. மலையாளிகளும், மைசூராரும், ஆங்கிலேயரும், நம்மவரும் சேர்ந்து எழுதிய ஏடு அது. இதனை அறிந்த பிள்ளை, “எனக்கு இங்கு என்ன உரிமை?” என்று தயங்காது, “இது எனக்கு மட்டுமே உரியது” என்று செருக்குறவும் செய்யாது.

கோட்டை இல்லாத இடத்தில் வாழும் அன்பர்கள் என்ன செய்வது என்று கேட்கலாம். இடுக்கி மலைத் தோட்டங்களில் வாழும் நம் குடும்பங்களை எண்ணியே இதனை எழுதுகிறோம். மூணாற்றில் குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் என்று ஒன்று ஓடியது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதனை அடித்துச் சென்றது. அவ்விரயில் தேயிலையை டாப் ஸ்டேஷன் வரை கொண்டு சேர்க்கும். அங்கிருந்து கம்பிவட ஊர்தி வழியே அத்தேயிலை போடிநாயக்கனூர்ப் பக்கம் இறங்கும். வெள்ளத்தில் தப்பிய மூணாற்று இரயில் நிலையக் கட்டடம் பின்னாளில் தேயிலைக் கம்பெனி அலுவலகமாயிற்று. நாள்தோறும் அதனருகே நடக்கும் பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு இது தெரியும்? 1895இல் முடிவுற்ற முல்லைப் பெரியாற்று அணையைக் கட்டக் காட்டிலே காய்ச்சலோடு உழைத்தவர்களுள் எத்தனையோ பேர் கம்பம் பள்ளத்தாக்கினரும் மதுரைச் சீமையினரும் ஆவர். மன்னர் கட்டியது மட்டுமே வரலாறு என்பதில்லை. கொழுந்துக் கூடை சுமந்து பாட்டி ஏறிய படிக்கட்டும் வரலாறுதான்.

சென்ற ஆண்டு எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைக்குப் பள்ளியில் ஒரு வேலை தந்தனர்: தன் ஊரிலுள்ள பழமையான இடம் ஒன்றைப் பற்றி ஒரு கட்டுரை. அவள் படிப்பது மலையாளப் பள்ளியில். கோட்டைக்குச் சென்று, அகழியைச் சுற்றி நடந்து, வாயில்களை எண்ணி, ஆசிரியர் வீட்டிலும் ராவுத்தர் வீட்டிலும் கேட்டறிந்து, நான்கு பக்கம் மலையாளத்தில் அழகாக எழுதினாள். ஆச்சி அதனைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். “எழுத்து முத்து முத்தாக இருக்கிறது, என்ன எழுதியிருக்கிறாய் என்றுதான் தெரியவில்லை” என்றார். அக்கணத்தில் வீட்டில் எவரும் பேசவில்லை. எழுபது ஆண்டுகள் இவ்வூரில் வாழ்ந்த ஆச்சிக்கு இவ்வூர் எழுத்துத் தெரியாது. பேத்திக்கோ ஆச்சியின் எழுத்தில் கடிதம் எழுத வராது. கோட்டை அகழியினும் ஆழமான அகழி ஒன்று நம் வீட்டுக் கூடத்திலேயே இருப்பதை அன்று கண்டோம்.

பேத்தி தரையில் அமர்ந்தாள். மலையாளத்தில் எழுதியதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லத் தொடங்கினாள். முற்றுகை என்பதற்குச் சொல் கிடைக்காமல் தடுமாறியபோது ஆச்சி எடுத்துக் கொடுத்தார். சிறைச்சாலையைப் பற்றிய பகுதி வந்ததும், “பாலத்தில் நின்ற தாய்மாரைப் பற்றி எழுதவில்லையே” என்றார் ஆச்சி. “நீங்கள் சொல்லுங்கள் ஆச்சி, எழுதுகிறேன்” என்றாள் அவள். ஆச்சி தமிழில் சொல்ல, அவள் மலையாளத்தில் எழுதினாள். அக்கட்டுரைக்கு ஐந்தாம் பக்கம் அவ்வாறு உண்டாயிற்று. பள்ளியில் ஆசிரியை அப்பக்கத்தையே வகுப்பில் உரக்கப் படிக்கச் செய்தாராம்.

இப்பொழுது ஞாயிறுதோறும் அரைமணி நேரம் ஆச்சி அவளுக்குத் தமிழ் எழுத்துக் கற்பிக்கிறார். ளகர, ழகர, லகர வேறுபாடுகளில் இன்னும் போராட்டம் உண்டு. எழுதிப் பழக ஆச்சி தரும் சொற்கள் யாவும் கோட்டையைச் சார்ந்தவை: அகழி, மதில், வாயில், கொத்தளம், பாலம். கண்ணால் கண்ட பொருளின் பெயரைப் பிள்ளை விரைவில் கற்றுக்கொள்கிறாள்.

நம் சங்கத்துக் குடும்பங்கள் யாவும் இதனை ஒருமுறை செய்து பார்க்கலாம். பெரிய செலவு இல்லை. வரும் விடுமுறையில் ஒருநாள் காலை, வீட்டிலுள்ள முதியவர் ஒருவரையும் பள்ளி செல்லும் பிள்ளை ஒன்றையும் உடன் அழைத்துக்கொண்டு, தத்தம் ஊரிலுள்ள பழைய இடத்திற்குச் செல்லுங்கள். பாலக்காட்டார் கோட்டைக்குச் செல்லலாம். மூணாற்றார் பழைய இரயில் நிலையத்திற்கும், குமுளியார் பெரியாற்றுக் கரைக்கும் செல்லலாம். பிள்ளை பள்ளியில் கற்றதைச் சொல்லட்டும். முதியவர் தாம் கண்டதைச் சொல்லட்டும். பிள்ளை கேட்டதைத் தனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதி வைக்கட்டும். முதியவர் அதில் ஐந்து சொல்லையேனும் தமிழில் எழுதிக் காட்டட்டும். மாலை வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிடலாம்.